சிவப்புப் பையும் நீலப் பையும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சாய்ந்தும் விழுந்தும் போகும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவன் நான். பிறகு என் காலமெல்லாம் பள்ளிக்கூடத்திலேயேதான் போனது, ஆனால் கையில் விளக்குமாறும் வாளியும். பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

நான் முதலில் வேலை செய்த பள்ளிக்கூடம் கெலிஓயாவிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே, ஒரு மேட்டில் இருந்தது. சனிக்கிழமை காலைகளில் அதன் பின்பக்கத்துச் சீமெந்துத் திண்ணையில் ஒரு சாக்கை விரித்து, இருபத்துமூன்று ரெக்கோடர்களைக் காயப் போடுவேன். பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பிக்க வாங்கும் பிளாஸ்டிக் ஊதுகுழல்தான் ரெக்கோடர். பால் நிறத்தில், மூன்று துண்டாகக் கழன்று வரும். தலைத் துண்டுகளை வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி சுவரில் சாய்த்து வைத்தால் உள்ளே நின்ற தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஐந்து நாளும் இரைச்சலாகக் கிடந்த இடத்தில் அந்தச் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து நான் பால் இல்லாத பிளேன்டீ குடிப்பேன்.

நான் அங்கே சிற்றூழியன். கூட்டுவது, மணி அடிப்பது, கடிதம் கொண்டுபோவது, தண்ணீர் இறைப்பது எல்லாம் என் வேலை. சாமான் அறையை ஒட்டிய சின்ன அறையில் தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு எல்லா ஆசிரியர்களும் பஸ்ஸைப் பிடித்துத் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அம்மாவும் அப்பாவும் போன பிறகு தோட்டத்தில் யாரும் இல்லை. தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்த எங்கள் லயத்து அறையையும் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் நான் போகமாட்டேன். போகாத இன்னொருவர் சங்கீத டீச்சர்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தொட்டிருப்பார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அந்தக் காலம் போரால் யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக் கிடந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தால் பெரிய காரியம். பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் அறை எடுத்து இருந்தார். சனிக்கிழமைகளில் அங்கே இருக்க முடியாமல் மேட்டில் ஏறி வருவார். மண்டபத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் தனக்குத்தானே பாடிக்கொண்டிருப்பார். பிறகு பின்பக்கம் வந்து, "என்ன தம்பி, குழலெல்லாம் தோய்ஞ்சிட்டுதுகளோ?" என்று கேட்பார். தோய்வது என்றால் அவர்கள் ஊரில் குளிப்பது. வாரம் முழுவதும் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. பேசக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

டீச்சர் வாய்ப்பாட்டு படித்தவர். ரெக்கோடர் அவருக்கும் புதிது. ஒரு பன்னிரண்டு குழலை யாரோ பழைய மாணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பினார். இன்னொரு பன்னிரண்டு கல்வி அலுவலகத்திலிருந்து வந்தது. டீச்சர் இரண்டு துணிப் பை தைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். வகுப்பில் பெண் பிள்ளைகள் ஒரு பக்கம், ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம் இருப்பார்கள். சிவப்புப் பை பெண் பிள்ளைகளுக்கு, நீலப் பை ஆண் பிள்ளைகளுக்கு. என்னிடம் கொடுக்கும்போது கண்டிப்பாகச் சொன்னார்:

"தம்பி, இந்தப் பையையும் அந்தப் பையையும் ஒண்டாக் கழுவப்படாது. ஒண்டைக் கழுவிக் காயவைச்சுக் கட்டின பிறகுதான் மற்றதைத் தொடவேணும். விளங்கிச்சுதோ?"

"வெளங்குச்சுங்க டீச்சர்."

விளங்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. பெண் பிள்ளைகள் வாய் வைத்தது, ஆண் பிள்ளைகள் வாய் வைத்தது, அதனால்தான் தனித்தனி என்று நானே முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய்கூடத் தனித்தனிதானே.

ஒருமுறை ஒரு குரங்கு வந்து நீலப் பைக் குழல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பலா மரத்தில் ஏறிவிட்டது. கல் எறிந்தும் தரவில்லை. திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு அதுதான் பேச்சு. "டேய், நம்ம டீம்ல கொரங்கையும் சேத்தாச்சா?" "சேத்தாச்சு, ஒனக்குப் பதிலாத்தான்!" என்று அவர்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு சிரித்தார்கள். அதிலிருந்து சிவப்பில் பன்னிரண்டு, நீலத்தில் பதினொன்று. டீச்சர் என்னை ஏசவில்லை. "அதுக்கும் ஒரு ஆசை இருக்கும்தானே" என்றார்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் என் பக்கத்தில் நின்றுகொண்டு தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு, "தம்பி, வண்டு இரையிற சத்தம் ஒண்டு கேக்குதெல்லோ?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வெயில், காற்றுகூட இல்லை. ஆனால் டீச்சர் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தோட்டத்தில் துரையிடமும் கங்காணியிடமும் தலையாட்டியே வளர்ந்த ஆட்கள் நாங்கள். பெரியவர்கள் கேட்டால் ஆமாம் என்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"ஆமாங்க டீச்சர். கேக்குது."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அப்ப சரி" என்றார். அந்த இரைச்சல் அவருடைய காதுக்குள்ளே இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இரண்டு மாதம் கழித்துக் கண்டி ஆஸ்பத்திரியில் காட்டப் போகத் தொடங்கினார். அதை என்னிடம் மட்டும் சொன்னார். "பாட்டுப் படிப்பிக்கிற ஆளுக்குக் காது போனா, தம்பி, கண் போன தையற்காரி மாதிரித்தான். ஒருத்தருக்கும் சொல்லாதையும்." நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யார் இருந்தார்கள்?

அந்த வருடம் மாகாணப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் தெரிவாகியிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து எதற்கும் யாரும் கண்டிக்குப் போனதில்லை. டீச்சர் ஒரு மெட்டைத் தானே கட்டி, இருபத்துமூன்று பேரையும் ஒரே மூச்சாக ஊத வைத்திருந்தார். போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் ஊரில் பொன்னுக்குவீங்கி பரவியது. ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பிள்ளைகள் கன்னம் வீங்கி வீட்டில் நின்றார்கள்; குழல் ஊதும் பிள்ளைகளை மட்டும் அது இன்னும் தொடவில்லை. அன்றைக்கு டீச்சர் லீவு. கிளினிக்குக்குப் போயிருந்தார். அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, வாய் வச்சு ஊதுற சாமானெல்லாம் அப்படியே கெடக்குதா? எல்லாத்தையும் மருந்துத் தண்ணியில முக்கி எடு. இன்னைக்கே. தொட்டியில தண்ணி ஒரு மணித்தியாலந்தான் வரும்."

டீச்சர் தனித்தனியாகக் கழுவச் சொன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதிபர் அதற்குள் வேறு கடிதத்தைக் கையில் எடுத்துவிட்டார். நானும் யோசித்தேன். வாய் எச்சிலுக்காகத்தானே தனித்தனி, மருந்துத் தண்ணீரில் போட்டால் எல்லாம் சுத்தம்தானே. பெரிய அண்டாவில் இரண்டு பையையும் கவிழ்த்தேன். துண்டு துண்டாகக் கழற்றி, ஊறவைத்து, அலசி, காயவைத்து, திரும்ப மாட்டினேன். எல்லாம் ஒரே நிறம். பன்னிரண்டை எண்ணிச் சிவப்பில் போட்டேன். பதினொன்றை எண்ணி நீலத்தில் போட்டேன். கணக்குச் சரியாக வந்தது. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பயிற்சி. நான் மண்டபத்து யன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஊதத் தொடங்கி இரண்டாவது வரியில் டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். "'ம' சரியில்லை. திருப்பி." திருப்பி ஊதினார்கள். எனக்கு ச, ரி, க தெரியாது. ஆனால் எத்தனையோ சனிக்கிழமை, எத்தனையோ பயிற்சி கேட்டவன். அந்த ஒரு இடத்தில் சிலரின் சத்தம் மேலே ஏறியும் சிலருடையது கீழே இறங்கியும் நின்றது எனக்கும் கேட்டது. டீச்சர் முன்வரிசைப் பிள்ளையின் குழலை வாங்கி, துடைத்துவிட்டு, தானே ஊதிப் பார்த்தார். அது சரியாக வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லாரையும் ஊதச் சொன்னார். மறுபடியும் அதே கோணல்.

"பிள்ளையள், உங்களுக்கு என்னெண்டு கேக்குது? சரியாக் கேக்குதோ?"

"சரி டீச்சர்!" என்று இருபத்துமூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பிள்ளைகள்மேல் பிழை இல்லை. விரல் டீச்சர் சொன்ன ஓட்டையில்தான் இருந்தது. டீச்சர் சரியோ என்று கேட்டால் சரி என்றுதான் சொல்ல வேண்டும். நான் வண்டுக்குச் சொன்ன பதில்தான் அது. டீச்சர் இன்னொரு குழலை எடுத்து ஊதிப் பார்த்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. பயந்துவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன். யன்னல் பக்கம் வந்து நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். வலது காதைக் கையால் பொத்தினார், எடுத்தார், திரும்பப் பொத்தினார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

மூன்று நாள் அப்படியே போனது. நாலாம் நாள் டீச்சர் அதிபரின் அறைக்குப் போய்ப் போட்டியிலிருந்து பிள்ளைகளை விலக்கச் சொன்னார். தனக்கு இனிச் சங்கீதம் வேண்டாம், கண்டியில் அலுவலக வேலையோ வேறு ஏதாவதோ தரும்படி ஒரு கடிதமும் எழுதினார். அன்று வெள்ளிக்கிழமை. அதைக் கல்வி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் வாசலில் நின்றுகொண்டு, "அண்ணே, போட்டி இல்லையாம். இனி குழல் கழுவுற வேலயும் மிச்சம்!" என்றார்கள். ஒரு பெண் பிள்ளை மட்டும் போட்டிக்குக் காலில் போடப் புதுச் சப்பாத்து வாங்கிவிட்டதாகச் சொல்லி அழுதது.

மறுநாள் சனிக்கிழமை. யாரும் ஊதப்போவதில்லை என்று தெரிந்தும் வழக்கம்போலச் சிவப்புப் பையை அவிழ்த்தேன். குழல் ஓட்டைகளைச் சுத்தம் செய்ய நான் ஒரு ஈர்க்கு வைத்திருந்தேன். ஒரு முனை மெல்லியது, மற்ற முனையில் துணி சுற்றித் தடிப்பாக இருக்கும். சிவப்புப் பைக் குழல்களில் மேலிருந்து ஐந்தாவது ஓட்டைக்கு மெல்லிய முனைதான் போகும். நீலப் பையில் அதே ஓட்டைக்குத் தடித்த முனை போகும். இது என் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்ததை ஒருநாளும் மனதால் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிவப்புப் பையின் இரண்டாவது குழலில் தடித்த முனை சுலபமாகப் போய் உள்ளே நின்றது. அடுத்ததிலும் போனது. அதற்கு அடுத்ததில் போகவில்லை.

எல்லாவற்றையும் சாக்கில் கொட்டி ஈர்க்கால் குத்திக் குத்திப் பார்த்தேன். பன்னிரண்டு ஒரு விதம், பதினொன்று ஒரு விதம். அனுப்பியவர் ஒரு தினுசு அனுப்பியிருக்கிறார், அலுவலகம் வேறு தினுசு வாங்கியிருக்கிறது. ஓட்டை மாறினால் விரலும் மாற வேண்டும். 'ம' வரும் இடத்தில் பெண் பிள்ளைகளின் விரலும் ஆண் பிள்ளைகளின் விரலும் வேறு வேறாக இருந்ததை யன்னல் வழியாக எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அதற்காகத்தான் இரண்டு பை. எச்சிலுக்காக இல்லை. அன்றைக்கு டீச்சர் வாங்கி ஊதியது பை மாறாத ஒரு குழல். டீச்சரின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் முழுவதிலும் சரியாகக் கேட்டதை வெளியே சொன்ன ஒரே காது அதுதான்.

அப்படியே எழுந்து மேட்டை விட்டு இறங்கினேன். மழை தொடங்கியிருந்தது. வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்: 'டீச்சர், குழலைக் கலந்து போட்டது நான்.' ஐந்து சொல்தான்.

டீச்சர் வீட்டு முன் விறாந்தையில் இருந்தார். "என்ன தம்பி, மழைக்குள்ளை?"

"சும்மாதாங்க டீச்சர்."

"சும்மா வாற ஆள் இல்லையே நீர். இரும், தேத்தண்ணி கொண்டு வாறன்."

தேத்தண்ணீரும் ஒரு கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். ஓட்டில் மழை பெரிதாக அடித்தது. "சொல்லும்" என்றார்.

"பையெல்லாம் கழுவிக் காயப் போட்டுட்டேங்க."

டீச்சர் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு சிரித்தார். "இனி ஆருக்குக் கழுவுறீர்? அந்தக் குரங்குக்கோ?"

நானும் சிரித்துவிட்டேன். அதோடு அந்த ஐந்து சொல் போய்விட்டது. ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டிருக்கிறேன். வேலை போகும் என்ற பயம் இல்லை. அவர் ஏசுவார் என்றும் இல்லை. பேசக் கூப்பிடுகிற ஒரே ஆளின் முகம் என்னைப் பார்த்து மாறுவதை நினைக்க முடியவில்லை, அவ்வளவுதான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். சொல்லாவிட்டால் என்ன, சரி செய்துவிட்டால் போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருபத்துமூன்றையும் பிரித்து, சரியான பையில் போட்டு, இறுக்கிக் கட்டினேன்.

திங்கட்கிழமை பாட வேளையில் டீச்சர் ஒரு கடமைக்காகப் பைகளை அவிழ்த்தார். பிள்ளைகள் ஊதினார்கள். இரண்டாவது வரியில் அந்த இடம் வந்தது. தண்ணீர் போலப் போனது. டீச்சர் நிறுத்தவில்லை. முடியும்வரை ஊதவிட்டார். முடிந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று பிற்பகல் அதிபர் அவரைக் கூப்பிட்டார். நான் தேநீர்த் தட்டோடு அறை வாசலில் நின்றேன்.

"பிள்ளைங்க நல்லாத்தானே ஊதுறாங்க டீச்சர். கடிதத்தைத் திருப்பி எடுத்துரலாமே. போட்டிக்கும் நான் பேசிப் பாக்கிறேன்."

"இண்டைக்குக் கேக்குது சேர். போன கிழமை முழுக்கப் பிழையாக் கேட்டுது. நாளைக்கு எப்பிடிக் கேக்குமோ? வந்து வந்து போற காதை நம்பி இந்தப் பிள்ளையளுக்கு நான் எப்பிடிப் படிப்பிக்கிறது?"

தட்டை மேசையில் வைத்தேன். போகாமல் நின்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல. "சீனி போட்டிருக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்தப் பள்ளித் தவணை முடிந்ததோடு டீச்சர் போய்விட்டார். கண்டியில் ஒரு அலுவலகத்தில் கொஞ்ச காலம் கோப்பு எழுதினார். பாதை திறந்ததும் ஊருக்கே போய்விட்டார். அதற்குப் பிறகும் பல சனிக்கிழமை நான் அந்தக் குழல்களைத் தனித்தனியாகக் கழுவிக் காயவைத்தேன். யாரும் ஊதாத குழலில் என்ன அழுக்கு? தூசிதான். பிறகு வந்த அதிபர் அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இப்போது நான் வேறு பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். இங்கே ஒவ்வொரு பிள்ளையும் சொந்தக் குழல் கொண்டுவந்து, சொந்தமாகக் கழுவி, கொண்டுபோகிறது. என் கைக்கு ஒன்றும் வருவதில்லை.

டீச்சர் தீபாவளிக்குத் தீபாவளி பழைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு அட்டை அனுப்பி, "அந்தத் தம்பி சுகமோ" என்று கேட்பாராம். அண்மையில் அங்கிருந்து ஒருவர் அவருடைய தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்து தந்தார். ஒரு மாதம் சட்டைப் பையில் வைத்திருந்துவிட்டு எடுத்தேன். டீச்சரின் தங்கை மகள் பேசினார்.

"பெரியம்மாவுக்கு இப்ப சுத்தமாக் காது கேக்காது. ரெண்டு வருசமாத்தான். அதுக்கு முந்தி நல்லாக் கேட்டுது. டொக்டரும் நல்ல காது எண்டுதான் சொன்னவர்."

"டீச்சர் பாடுவாங்களா?" என்று கேட்டேன்.

"பாட்டோ? கண்டியில இருந்து வந்த பிறகு அவ பாடி நான் கேட்டதில்லை. கோயில்ல எல்லாரும் தேவாரம் பாடேக்கையும் வாய் திறக்கமாட்டா. என்ர காது பொய் சொல்லும், நான் பாடினா உங்களுக்கும் பிழைச்சுப்போம் எண்டுவா. ஏதும் சொல்லுறதெண்டா எழுதி அனுப்புங்கோ, வாசிப்பா."

பதினைந்து வருடத்துக்கு மேல் அந்தக் காது நன்றாகக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. குழல்களைச் சரியான பையில் போட்டதால் நான் ஒன்றையும் சரி செய்யவில்லை. ஒரே ஒரு கிழமை பிழைத்த காதை, வந்து வந்து போகிற காதாக ஆக்கிவிட்டேன். நான் சொல்லியிருந்தால் டீச்சர் என்னை ஏசிவிட்டு, அடுத்த பாட வேளையே பாடியிருப்பார்.

நேற்று முழுவதும் அவருக்குக் கடிதம் எழுதினேன். மழையைப் பற்றி, குரங்கைப் பற்றி, புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதி எழுதிக் கிழித்தேன். இன்று காலையில் ஒரு தாளில் இவ்வளவுதான் எழுதித் தபாலில் போட்டேன்:

'டீச்சர், குழலைக் கலந்து போட்டது நான். அந்தக் கிழமை உங்கள் காது சரியாகத்தான் கேட்டது. அதற்கு முன்னால், வண்டுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.'

கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.